காலாவதியான டொமைனை ஏன் ஏலத்தில் எடுக்கிறார்கள்?

'தி ஹேர்பின்' என்ற அமெரிக்கத் தளம் 2018 ஜனவரி இறுதியில் மூடப்பட்டது. 2010-இல் தொடங்கிய தளம் அது. பெண்களுக்காகப் பெரும்பாலும் பெண்களே எழுதினார்கள், நல்ல எழுத்துக்குப் பேர் போனது. சில ஆண்டுகள் கழித்து அதே முகவரிக்குப் போனவர்களுக்குச் செயற்கை நுண்ணறிவு எழுதிக் குவித்த கட்டுரைகள்தான் கிடைத்தன. பழைய கட்டுரைகள் சிலவும் இருந்தன. ஆனால் எழுதிய பெண்களின் பெயர்களை எடுத்துவிட்டு ஆண் பெயர்களைப் போட்டிருந்தார்கள். 2024 தொடக்கத்தில் 'வயர்டு' இதழ் விசாரித்தபோது, அந்த முகவரிப் பெயரை, அதாவது டொமைனை வாங்கியவர் செர்பியாவைச் சேர்ந்த ஒரு டிஜே என்று தெரியவந்தது. தன்னிடம் 2,000-க்கும் மேற்பட்ட தளங்கள் இருப்பதாக அவரே சொன்னார். வத்திக்கான் இளைஞர்களுக்காக நடத்திய 'போப்2யூ' தளத்தின் டொமைனும் அவர் வாங்கியவற்றில் ஒன்று.

செத்துப்போன தளத்தின் பெயருக்கு இவ்வளவு கிராக்கி எதனால்? பெயரின் அழகுக்காக யாரும் காசு கொடுப்பதில்லை. அந்தத் தளம் உயிரோடு இருந்த காலத்தில் பத்திரிகைகளும் பல்கலைக்கழகங்களும் வலைப்பதிவர்களும் அதற்குக் கொடுத்த லிங்க்குகள் இன்றும் அந்தந்தப் பக்கங்களில் கிடக்கின்றன. 1998-இல் கூகுள் பேஜ்ரேங்க் என்ற கணக்கோடு வந்த நாள் முதல், ஒரு தளத்துக்கு இன்னொரு தளம் தரும் லிங்க் ஒரு சிபாரிசாக எண்ணப்படுகிறது. தளத்தின் உரிமையாளர் மாறிவிட்டார் என்பது சிபாரிசு செய்தவருக்குத் தெரியாது, தெரிந்தாலும் பத்தாண்டுக்கு முந்தைய கட்டுரையைத் திறந்து யாரும் லிங்க்கைத் தூக்கிக்கொண்டிருக்க மாட்டார்கள். கடை கைமாறியது தெரியாமல் பழைய முதலாளியின் பேரை நம்பி வாடிக்கையாளர் வந்து நிற்பதைப் போன்றது இது. காலாவதி டொமைன் வியாபாரம் முழுக்க இந்தத் தெரியாமையின் மேல்தான் நடக்கிறது.

இந்த இடத்திலேயே ஒரு பொய்யை ஓரங்கட்டிவிடலாம். 'பதினைந்து வயது டொமைன்' என்று விளம்பரம் செய்து விற்பார்கள். வயதுக்கென்று தனி மதிப்பெண் எதுவும் கிடையாது. கூகுள் தரப்பில் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். பழைய டொமைனுக்கு அதிக லிங்க் சேர்ந்திருக்க வாய்ப்புண்டு, அவ்வளவுதான். லிங்க் இல்லாத பழைய டொமைன், நேற்று பதிவு செய்த டொமைனைவிட எந்த வகையிலும் உசத்தி இல்லை.

காலாவதி தேதிக்குப் பிறகு நடப்பது

டாட் காம், டாட் நெட் போன்றவற்றில் தேதி முடிந்த மறுநாளே டொமைன் சந்தைக்கு வந்துவிடாது. முதலில் ரிஜிஸ்ட்ராரின், அதாவது டொமைனைப் பதிந்து தரும் நிறுவனத்தின் கையில் 45 நாள் வரை சலுகைக் காலம் இருக்கும். இதில் எத்தனை நாளை உரிமையாளருக்குக் கொடுப்பது என்பது அந்தந்த நிறுவனத்தின் விருப்பம். டொமைன் பெயர்களை உலகளவில் நிர்வகிக்கும் ஐகான் அமைப்பின் விதிப்படி, தேதி முடிய ஏறத்தாழ ஒரு மாதம் இருக்கும்போதும் ஒரு வாரம் இருக்கும்போதும் உரிமையாளருக்கு நினைவூட்டல் போக வேண்டும். முடிந்த பிறகு 5 நாளுக்குள் இன்னொன்றும் போக வேண்டும். சலுகைக் காலத்தில் குறைந்தது 8 நாளாவது தளம் திறக்காதபடி துண்டித்து வைக்க வேண்டும். மின்னஞ்சலைப் பார்க்காத உரிமையாளருக்குத் தளம் நின்றாலாவது உறைக்கும் என்பதற்காக வைத்த விதி இது.

அதன் பிறகு ரிஜிஸ்ட்ரார் டொமைனை நீக்கினால் 30 நாள் மீட்புக் காலம். டொமைன் விவரம் காட்டும் ஹூஇஸ் பதிவில் அப்போது 'ரிடெம்ப்ஷன் பீரியட்' என்று காட்டும். பழைய உரிமையாளர் அபராதத்தோடு மீட்டுக்கொள்ளலாம். புதுப்பிக்கும் கட்டணத்தைப் போலப் பல மடங்கு ஆகும். அதுவும் கழிந்தால் 'பெண்டிங் டெலிட்' என்று 5 நாள். இந்த 5 நாளில் யாராலும் எதுவும் செய்ய முடியாது. ஆக, முழுவதும் ஓடினால் சுமார் 80 நாள். கடைசி நாளில் அமெரிக்கக் கிழக்கு நேரம் பிற்பகல் 2 மணியை ஒட்டி, டாட் காம் பதிவேட்டை (ரிஜிஸ்ட்ரி) நடத்தும் வெரிசைன் நிறுவனம் அன்றைய டாட் காம் பெயர்களை வரிசையாக விடுவிக்கத் தொடங்கும். நம் ஊர்க் கணக்கில் கோடையில் இரவு 11:30, குளிர்காலத்தில் 12:30.

அந்த நேரத்தில் உட்கார்ந்து கையால் பதிவு செய்துவிடலாம் என்று நினைப்பவர்கள் ஒருமுறை முயன்று பார்த்தால் போதும். நல்ல பெயர் நொடியில் ஒரு சிறு பங்குக்குள் போய்விடும். ரிஜிஸ்ட்ரிக்குக் கோரிக்கை அனுப்ப ஒவ்வொரு ரிஜிஸ்ட்ராருக்கும் இத்தனை இணைப்பு என்று வரம்பு இருப்பதால், டொமைன் பிடிக்கும் நிறுவனங்கள் நூற்றுக்கணக்கில் ரிஜிஸ்ட்ரார் உரிமங்களை வாங்கி வைத்திருக்கின்றன. அவற்றில் ஒன்றான டிராப்கேட்ச் 2016-இல் மட்டும் புதிதாக 500 உரிமம் எடுத்தது. எல்லாமே பெயரளவு நிறுவனங்கள். வேலை ஒன்றுதான், அந்த ஒரு மணி நேரத்தில் அதிகமான கோரிக்கைகளைத் தள்ளுவது. நாம் முன்கூட்டியே 'பேக்ஆர்டர்' போட்டு வைக்கலாம். பிடித்துக் கொடுத்தால்தான் பணம், ஏறத்தாழ 60 முதல் 80 டாலர். ஒரே பெயருக்கு இரண்டு பேர் கேட்டிருந்தால் ஏலம்.

உண்மையில் நல்ல டொமைன்கள் அந்தக் கடைசி நாள் வரை வருவதே அபூர்வம். கோடேடி போன்ற பெரிய ரிஜிஸ்ட்ரார்கள் காலாவதியாகி மூன்று நான்கு வாரத்திலேயே தங்கள் ஏலத்தளத்தில் போட்டுவிடுகிறார்கள். யாரும் கேட்காதவை கடைசியில் 'க்ளோஸ்அவுட்' என்று சில டாலருக்கு இறங்கும். இந்த ஏலத்தில் எடுத்தால் டொமைன் நீக்கப்படாமலே கைமாறும், அதனால் பதிவேட்டில் முதலில் பதிந்த தேதி அப்படியே இருக்கும். விடுவிக்கப்பட்டுப் பிடித்ததில் தேதி புதிதாகிவிடும். கூகுள் உட்பட யார் பார்த்தாலும் இடையில் அறுந்தது தெரியும். தேடலில் தளத்தை மேலேற்றும் எஸ்இஓ ஆட்கள் 'ட்ராப் ஆகாத டொமைன்' என்று கூடுதல் விலை கொடுப்பது இதற்காகத்தான். ஒரு சங்கடம் உண்டு. ஏலம் முடிந்த பிறகும் கெடு முடியும் முன் பழைய உரிமையாளர் வந்து புதுப்பித்துவிட்டால் டொமைன் அவருக்கே போகும், உங்கள் பணம் திரும்பும். கைக்கு வரும்வரை அதை நம்பி வேறு செலவு செய்யக்கூடாது.

ஏலத்தளங்களையும் கண்ணை மூடி நம்ப வேண்டாம். ஸ்னாப்நேம்ஸ் என்ற டொமைன் ஏல நிறுவனத்தின் ஊழியர் ஒருவரே 'ஹால்வாரெஸ்' என்ற புனைபெயரில் 2005 முதல் ஏலம் கேட்டு விலையை ஏற்றிவந்தது 2009-இல் வெளியானது. நிறுவனமே அறிவித்து, பாதிக்கப்பட்டவர்களுக்கு ஈடு கொடுத்தது. அந்தத் துறையில் இருப்பவர்கள் இன்றும் அந்தப் பெயரை மறக்கவில்லை.

எண்ணைப் பார்த்து ஏமாறுவது

ஏலப் பட்டியலில் டொமைன் பக்கத்தில் டிஆர், டிஏ, டிஎஃப் என்று தளத்தின் லிங்க் பலத்தை மதிப்பிடும் எண்கள் நிற்கும். முதலாவது ஏரெஃப்ஸ் தருவது, இரண்டாவது மோஸ், மூன்றாவது மெஜஸ்டிக். மூன்றுமே தனியார் கருவிகள் போட்ட கணக்கு. கூகுள் இவற்றைப் பார்ப்பதில்லை. கூகுள் தன் பேஜ்ரேங்க் எண்ணை வெளியே காட்டுவதை 2016-இல் நிறுத்தியபின் அந்த வெற்றிடத்தை இவை பிடித்துக்கொண்டன. ஏல விலை இந்த எண்களைப் பார்த்து ஏறுவதால், எண்ணை ஏற்றி விற்பதே ஒரு தொழிலாகிவிட்டது. பெரிய தளங்களில் எந்த முகவரிக்கும் தள்ளிவிடும் திறந்த ரீடைரக்ட் முகவரிகள் சில இருக்கும். அவற்றின் வழியே சுற்றிவளைத்து நூற்றுக்கணக்கில் லிங்க் உண்டாக்கினால், பெரிய தளமே பரிந்துரைத்ததாகக் கருவி எண்ணிக்கொள்ளும். டிஆர் 0-இலிருந்து 50-க்குப் போகும். தேடலில் ஒரு படிகூட ஏறாது.

அதனால் எண்ணை வடிகட்ட மட்டும் வைத்துக்கொண்டு, மிச்சத்தைக் கையால் பார்க்க வேண்டும். மொத்த லிங்க் எண்ணிக்கையை விட்டுவிடுங்கள். ஒரு தளத்தின் அடிப்பகுதியில் இருக்கும் ஒரே லிங்க் பத்தாயிரம் பக்கத்தில் வந்து பத்தாயிரமாகத் தெரியும். எத்தனை வெவ்வேறு தளங்கள் என்பதே கணக்கு. அதிலும் வலுவான இருபது முப்பதை ஒவ்வொன்றாகத் திறந்து, லிங்க் இன்னும் இருக்கிறதா, கட்டுரையின் உள்ளே வருகிறதா, கமெண்ட் பகுதியிலா என்று பாருங்கள். விக்கிப்பீடியா லிங்க் என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். விக்கிப்பீடியா 2007 ஜனவரி முதல் வெளி லிங்க்குகள் எல்லாவற்றுக்கும் 'நோஃபாலோ', அதாவது 'இதைச் சிபாரிசாக எண்ணாதே' என்ற குறி போடுகிறது. அதோடு, செத்த லிங்க்கை அங்கே ஒரு பாட் (தானியங்கி நிரல்) தேடிப்பிடித்து ஆவணக் காப்பகப் பிரதிக்கு மாற்றிவிடும். டொமைனை வேறொருவர் கைப்பற்றியது தெரிந்தால் மேற்கோள் வார்ப்புருவில் 'யூசர்ப்டு' என்று குறித்து, அசல் முகவரியே வாசகர் கண்ணில் படாமல் செய்துவிடுவார்கள். இந்த வியாபாரத்துக்கு எதிராகவே வைத்த ஏற்பாடு போல இருக்கிறது.

ஆங்கர் டெக்ஸ்ட், அதாவது லிங்க் ஒட்டியிருக்கும் சொற்களின் பட்டியல்தான் டொமைனின் ஜாதகத்தைச் சொல்லும். இயல்பாக வளர்ந்த தளத்துக்கு வரும் லிங்க்குகளில் தளத்தின் பெயர், வெறும் முகவரி, கட்டுரைத் தலைப்பு இவைதான் அதிகம் இருக்கும். மீன் வளர்ப்பைப் பற்றிய ஆங்கிலத் தளத்துக்கு 'ஸ்லாட் காச்சோர்', 'ஜூடி ஆன்லைன்' என்று இந்தோனேசிய மொழியில் சூதாட்டச் சொற்களோ, ஜப்பானிய எழுத்தில் கைப்பை விற்பனைச் சொற்களோ வந்தால், உங்களுக்கு முன்பே ஒருவர் இதை எடுத்து உறிஞ்சிவிட்டுப் போட்டிருக்கிறார், அல்லது தளம் ஹேக் ஆகியிருக்கிறது. இரண்டில் எதுவானாலும் தொட வேண்டாம்.

அடுத்தது, தளங்களின் பழைய பிரதிகளைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின். ஆண்டுக்கு இரண்டு பிரதியாவது திறந்து பார்க்க வேண்டும். முதல் பக்கம் மட்டும் பார்த்தால் போதாது. நடுவில் ஒரே ஒரு ஆண்டு சூதாட்டத் தளமாக இருந்துவிட்டுப் பிறகு 'விற்பனைக்கு' என்ற பலகையோடு கிடந்த டொமைன்கள் ஏராளம். பிரதி இருக்க வேண்டிய ஆண்டுகளில் எதுவுமே இல்லை என்றால் யாரோ காப்பகத்தைத் தடுத்திருக்கலாம், அப்படியானால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். கூகுளில் 'சைட்' கட்டளை போட்டு ஒரு பக்கமாவது இண்டெக்ஸில் (தேடல் பட்டியலில்) உள்ளதா என்று பாருங்கள். பல மாதம் செத்துக்கிடந்தால் இல்லாமலிருப்பது இயல்பு. தளம் நேற்றுவரை ஓடியும் ஒரு பக்கமும் இல்லை என்றால் கூகுளின் தண்டனையாக இருக்கலாம். குப்பை அஞ்சல் அனுப்பும் டொமைன்களைக் குறிக்கும் ஸ்பாம்ஹாஸ் பட்டியலிலும், ஆபத்தான தளங்களைக் குறிக்கும் கூகுள் சேஃப் பிரவுசிங்கிலும் ஒரு பார்வை. இவ்வளவும் செய்த பிறகும் ஒன்று மிச்சமிருக்கும். கூகுள் பணியாளர் கையால் போட்ட தண்டனை, தள உரிமையாளர்களுக்கான சர்ச் கன்சோல் கருவியில் உரிமையை நிரூபித்தவருக்குத்தான் தெரியும், அதாவது வாங்கிய பிறகு. தண்டனை டொமைனோடு ஒட்டிக்கொண்டே வரும், ஆள் மாறினால் போகாது. மறுபரிசீலனை கேட்டு எழுதலாம். உரிமையாளர் மாறியதையும் பழைய குப்பையை நீக்கியதையும் காட்டினால் எடுப்பார்கள், ஆனால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

வாங்கியவர்கள் என்ன செய்கிறார்கள்

மூன்று வழி. முதலாவது, டொமைனை அப்படியே தன் தளத்துக்கு 301 ரீடைரக்ட் செய்வது, அதாவது அங்கே வருபவரை நிரந்தரமாக இங்கே திருப்பிவிடுவது. ஐந்து நிமிட வேலை என்பதால் எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள். பெரும்பாலும் வீணாகப் போவதும் இதுதான். பழைய தளத்தின் எல்லாப் பக்கத்தையும் ஒரே முகப்புப் பக்கத்துக்குத் தள்ளினால் கூகுள் அதை 'சாஃப்ட் 404' என்று எடுத்துக்கொள்ளும். பக்கம் இல்லை என்று சொன்னதற்கு அதுவும் ஒன்றுதான். லிங்க் இருக்கும் பழைய முகவரி ஒவ்வொன்றுக்கும் அதே விஷயத்தைப் பேசும் புதுப் பக்கம் இருந்து, ஒன்றுக்கு ஒன்றாகத் திருப்பினால்தான் ஏதாவது சேரும். குறைந்தது ஓராண்டாவது அந்த ரீடைரக்ட் நிற்க வேண்டும் என்பது கூகுளின் அறிவுரை. அதற்குள் டொமைனைப் புதுப்பிக்க மறந்தால் இன்னொருவர் ஏலத்தில் எடுத்துவிடுவார். அப்படியும் நடக்கிறது.

இரண்டாவது, பிபிஎன் என்ற தனியார் வலைப்பதிவு வலை. பத்திருபது செத்த டொமைன்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒப்புக்கு ஒரு வலைப்பதிவு போட்டு, அங்கிருந்து தன் பணத்தளத்துக்கு லிங்க் கொடுப்பது. இதில் தடயத்தை மறைப்பதுதான் செலவு. ஒரே ஹோஸ்டிங், ஒரே நேம்சர்வர், ஒரே அனலிட்டிக்ஸ் எண், ஒரே ஆட்சென்ஸ் எண், ஒரே வேர்ட்பிரஸ் தீம் இவற்றில் ஒன்று போதும், கண்ணி முழுவதும் சிக்கும். 2014 செப்டம்பரில் கூகுள் இப்படிப்பட்ட வலைகளைக் கொத்தாகப் பிடித்தது. அன்று இழந்தவர்கள் பலர் தொழிலையே விட்டார்கள். ஆண்டுக்கு ஒவ்வொரு டொமைனுக்கும் புதுப்பிப்புக் கட்டணம், தனித்தனி ஹோஸ்டிங், கட்டுரைக் கூலி எல்லாம் கூட்டிப்பார்த்தால், நல்ல கட்டுரை எழுதி நேர்வழியில் லிங்க் வாங்க ஆகும் செலவைவிட இது குறைவில்லை.

மூன்றாவது, அதே விஷயத்தில் அதே டொமைனில் தளத்தை மறுபடி கட்டுவது. எந்தெந்தப் பக்கங்களுக்கு லிங்க் இருக்கிறது என்று பட்டியல் எடுத்து, முகவரியின் ஒவ்வொரு எழுத்தும் மாறாமல் அந்தப் பக்கங்களை முதலில் உயிர்ப்பிக்க வேண்டும். கடைசிச் சாய்கோடு இருந்ததா, 'டபிள்யூடபிள்யூடபிள்யூ' இருந்ததா என்பது வரை பார்த்து, மாறினால் ரீடைரக்ட் போட வேண்டும். லிங்க்கும் இல்லாமல் தேவையும் இல்லாமல் போன பக்கங்களுக்கு 'நிரந்தரமாக நீக்கப்பட்டது' என்று சொல்லும் 410 கொடுத்துவிடலாம். உள்ளடக்கத்தைப் புதிதாகத்தான் எழுத வேண்டும். வேபேக் மெஷினிலிருந்து பழைய கட்டுரைகளை வழித்தெடுத்துப் போடுவது காப்புரிமைத் திருட்டு; டொமைனை வாங்கினால் பெயர் மட்டும்தான் உங்களுடையது, எழுத்து எழுதியவருடையதே.

கூகுளுக்கு எப்படித் தெரிகிறது

இந்த விளையாட்டு கூகுளுக்குப் புதிதல்ல. 2003 டிசம்பர் கடைசி நாளில் அது தாக்கல் செய்து 2008-இல் கிடைத்த காப்புரிமை ஒன்றில் இதே விவகாரம் வருகிறது. பக்கத்தின் உள்ளடக்கம் அதற்கு வரும் லிங்க்குகளின் ஆங்கர் டெக்ஸ்டோடு பொருந்தாமல் போனால், டொமைன் காலாவதியாகி வேறொருவர் வாங்கியிருக்கலாம். மாறிய தேதியைக் கணித்து, அதற்கு முந்தைய லிங்க்குகளைப் புறக்கணிக்கலாம் அல்லது மதிப்பைக் குறைக்கலாம் என்கிறது அது. காப்புரிமையில் இருப்பதெல்லாம் அப்படியே நடைமுறையில் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் இருபது ஆண்டுக்கு முன்பே எதை உற்றுப்பார்த்தார்கள் என்பது புரியும். வயசான டொமைன் பிரச்சினை இல்லை, விஷயம் மாறிய டொமைன்தான் பிரச்சினை.

இருந்தும் பல ஆண்டுகள் ஓட்டை அடைபடவில்லை. செயற்கை நுண்ணறிவு வந்து, ஆயிரம் கட்டுரையை ஒரு நாளில் எழுத முடிந்ததும் நிலைமை கைமீறியது. ஹேர்பின் கதை அந்தக் காலத்தில் நடந்ததுதான். 2024 மார்ச் 5 அன்று கூகுள் தன் ஸ்பாம் கொள்கையில் 'காலாவதி டொமைன் முறைகேடு' என்று தனிப் பிரிவே சேர்த்தது. அரசுத் துறையின் பழைய தளத்தில் கமிஷன் விற்பனைக் கட்டுரைகள், மருத்துவத் தொண்டு நிறுவனத்தின் பழைய தளத்தில் மருந்துப் பொருள் வியாபாரம், தொடக்கப்பள்ளியின் பழைய தளத்தில் சூதாட்டம். அதில் கொடுத்த உதாரணங்கள் இவை. அறிவித்த கையோடு ஏராளமான தளங்கள் தேடலிலிருந்தே காணாமல் போயின. பழைய டொமைனில் மக்களுக்குப் பயன்படும் புதுத் தளம் நடத்துவது தவறில்லை என்றும் அதே பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள். அந்த ஒரு வரியைக் காட்டித்தான் இப்போது டொமைன் தரகர்கள் விற்கிறார்கள்.

இன்றும் சிலருக்கு இது பலிக்கிறது என்பதை மறுக்க முடியாது. சூதாட்டத் தளங்கள் இரண்டு மூன்று மாதம் மேலே நின்றாலே போட்ட காசை எடுத்துவிடும். பிறகு கூகுள் தண்டித்து டொமைன் எரிந்தால் அவர்களுக்குக் கவலையில்லை, அடுத்ததை எடுப்பார்கள். ஐந்து ஆண்டு நடத்தப்போகும் கடைக்கோ பத்திரிகைக்கோ அந்தக் கணக்கு ஒத்துவராது. ஏலத்தில் உங்களோடு போட்டி போட்டு விலையை ஏற்றுபவர்களும் பெரும்பாலும் இந்த முதல் வகை ஆட்கள்தான்.

சட்டச் சிக்கல் தனி. காலாவதியானது பதிவு மட்டும்தான். அதோடு சேர்ந்து வணிகமுத்திரை காலாவதி ஆகிவிடாது. நிறுவனத்தின் பெயர் உள்ள டொமைனை எடுத்து ஆதாயம் பார்த்தால் யுடிஆர்பி என்ற டொமைன் தகராறு முறையில் வழக்கு வரும். ஒன்று முதல் ஐந்து டொமைன் வரை, ஒருவர் தீர்ப்பாயத்துக்கு உலக அறிவுசார் சொத்து அமைப்பு (வைப்போ) வாங்கும் கட்டணம் 1,500 டாலர். பெரிய நிறுவனத்துக்கு அது காசே இல்லை, நீங்கள் தோற்றால் டொமைன் போய்விடும். அமெரிக்காவில் 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒரு டொமைனுக்கு 1,000 முதல் 1,00,000 டாலர் வரை இழப்பீடும் விதிக்கலாம். டாட் இன் பெயர்களுக்கு அதன் பதிவேட்டை நடத்தும் நிக்ஸியின் ஐஎன்டிஆர்பி என்ற நடுவர் முறை இருக்கிறது.

தளத்தை மூடுபவர்கள் பக்கம் இருந்தும் இதைப் பார்க்க வேண்டும். டொமைனை விட்டால் லிங்க் மட்டும் போவதில்லை, மின்னஞ்சலும் போகிறது. 2018-இல் ஆஸ்திரேலியாவில் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர், நிறுவன இணைப்பாலும் பெயர் மாற்றத்தாலும் சட்ட நிறுவனங்கள் கைவிட்ட டொமைன்களைப் பதிவு செய்து, எந்தப் பெயருக்கு வந்தாலும் வாங்கிக்கொள்ளும் அஞ்சல்பெட்டி ஒன்றை வைத்தார். கட்சிக்காரர்களின் ரகசியக் கடிதங்கள் வந்து விழத் தொடங்கின. பாஸ்வேர்டு மாற்றும் வசதி அந்த முகவரிக்கே போகும் என்பதால் பழைய ஊழியர்களின் கணக்குகளையும் திறக்க முடியும் என்று காட்டினார். பள்ளி, சங்கம், சிறுபத்திரிகை என்று எதை மூடினாலும் முதலில் அந்த டொமைன் முகவரியில் திறந்த வங்கி, சமூக ஊடக, ஹோஸ்டிங் கணக்குகளை வேறு மின்னஞ்சலுக்கு மாற்றுங்கள். பிறகு மற்ற தளங்களில் இருக்கும் உங்கள் லிங்க்குகளை நீக்கச் சொல்லுங்கள். டொமைனை ஆட்டோ ரினியூவலில் போட்டு, கார்டு எப்போது காலாவதியாகிறது என்பதையும் குறித்துவைத்து, இன்னும் சில ஆண்டு கட்டிவாருங்கள். டாட் காமுக்கு ரிஜிஸ்ட்ரி வாங்கும் மொத்த விலை 2024 செப்டம்பரில் 10.26 டாலர் ஆனது, ரிஜிஸ்ட்ரார் அதன்மேல் கொஞ்சம் வைப்பார்.